காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த சரக்கா?
இரும்பின் அணு அடுக்கும் நம் கடை வியாபாரமும்

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று எந்த ஊர்ப் பாத்திரக்கடையில் நின்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். எவர்சில்வர் குடம் வாங்க வந்தவர் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் குடத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால், "இரும்பு கலந்த சரக்கு, வேண்டாம்" என்று வைத்துவிடுவார். ஒட்டாவிட்டால் பேரம் தொடரும். கடைக்காரர்களில் பலரும் கொள்முதல் செய்யும்போது இதே பரீட்சையைத்தான் செய்கிறார்கள்.

இந்தப் பரீட்சை பாதி உண்மை, பாதி ஏமாற்று. காந்தம் ஒட்டாத பாத்திரத்திலும் இரும்புதான் பெரும்பங்கு. எவர்சில்வர் என்று நாம் சொல்வதில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாமல் இரும்பு இருக்கும். ஒட்டுவதும் ஒட்டாததும் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. உள்ளே இரும்பின் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இதைத் தெரிந்துகொள்ளாததால் மட்டமான சரக்கை உயர்ந்த விலைக்கு வாங்கி, ஆறு மாதம் கழித்துத் துருப்பிடித்த உப்பு டப்பாவுடன் வாடிக்கையாளர் திரும்பி வரும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்கும் வணிகர்கள் நம்மில் உண்டு. மளிகைக் கடையோடு பாத்திரமும் வைத்து விற்போர், சீர்வரிசைக்கு மொத்தமாகச் சரக்கு எடுத்துக் கொடுப்போர், பழைய எவர்சில்வரை எடைக்கு எடுப்போர் எல்லோருக்கும் இது பயன்படும் செய்தி.

பழக்கடை அடுக்கு

பழக்கடையில் ஆரஞ்சுப் பழத்தை அடுக்குவதைக் கவனியுங்கள். கீழ் வரிசையில் நான்கு பழம் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். மேல் வரிசைப் பழம் அந்தப் பள்ளத்தில் உட்காரும். இதைவிட நெருக்கமாக உருண்டைகளை அடுக்க முடியாது. இடத்தில் நூற்றுக்கு 74 பங்கு பழமும் 26 பங்கு சந்துமாக இருக்கும். இதே அடுக்கில் இரும்பு அணுக்கள் அமைந்தால் அதற்கு ஆஸ்டினைட் என்று பெயர். ஒவ்வோர் அணுவையும் சுற்றி 12 அணுக்கள் தொட்டுக்கொண்டிருக்கும்.

இன்னோர் அடுக்கு உண்டு. ஒரு சதுரப் பெட்டியின் எட்டு மூலைகளிலும் எட்டுப் பழம், நட்டநடுவில் ஒரு பழம். இதில் ஓர் அணுவைத் தொடுவது 8 அணுக்கள்தான். நிரம்பும் இடமும் 68 பங்குதான். இதற்குப் பெயர் ஃபெரைட். நம் கல்லாப்பெட்டி ஆணி, தராசுச் சங்கிலி, ஷட்டர் தகடு எல்லாவற்றிலும் இரும்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது அடுக்கில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டி எவ்வளவு சிறியது என்றால், ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் சுமார் மூன்றரைக் கோடிப் பெட்டிகளை வரிசையாக வைக்கலாம். கண்ணால் பார்க்க முடியாத இந்த அடுக்கை எக்ஸ்ரே கதிரை இரும்பின் மீது பாய்ச்சி, அது சிதறும் முறையைக் கொண்டு 1917-இல் ஆல்பர்ட் ஹல் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டறிந்தார்.

மற்ற உலோகங்களிடம் அதிகம் காணாத ஒரு குணம் இரும்பிடம் உண்டு. சூட்டில் அது அடுக்கை மாற்றிக்கொள்ளும். சுத்தமான இரும்பைக் காய்ச்சிக்கொண்டே போனால் 912 டிகிரி வரை பெட்டி அடுக்கு. அதைத் தாண்டியதும் பழக்கடை அடுக்கு. 1,394 டிகிரியில் மறுபடியும் பெட்டி அடுக்கு. 1,538 டிகிரியில் உருகிவிடும். 912 டிகிரியில் ஒரு வேடிக்கை நடக்கும். அதுவரை சூட்டில் நீண்டுகொண்டே வந்த இரும்புக் கம்பி, அணுக்கள் நெருக்கமான அடுக்குக்கு மாறுவதால், அந்த இடத்தில் சற்றுச் சுருங்கும். சூடுபட்டால் பொருள் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு இது நேர்மாறு.

காந்தக் குணம் போவது அதற்கும் முன்னால், 770 டிகிரியில். செக்கச்செவேல் என்று காய்ந்த இரும்பைக் காந்தம் இழுக்காது. ஆறினால் மறுபடி இழுக்கும்.

சந்தில் புகும் கரி

சுத்தமான இரும்பு மிருதுவானது. அதில் அரிவாள் அடித்தால் வாழைத்தாரை வெட்டும்போதே வளைந்துவிடும். இரும்பை எஃகாக்குவது கரி. அதுவும் மிகச் சிறு அளவு. நூற்றுக்குக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்ற கணக்குத்தான்.

பெரிய பழங்களின் இடையே மிளகு புகுந்து உட்காருவதைப் போல, இரும்பு அணுக்களின் சந்தில் கரி அணு போய் உட்காருகிறது. இங்கே ஒரு விசித்திரம். பழக்கடை அடுக்கு மொத்தத்தில் நெருக்கமானது என்றாலும், அதில் உள்ள சந்துகள் குறைவாகவும் ஒவ்வொன்றும் பெரிதாகவும் இருக்கும். பெட்டி அடுக்கு தளர்வானது. ஆனால் சந்துகள் பலவாகச் சிதறி, ஒவ்வொன்றும் சிறிதாக இருக்கும். ஒரு பெரிய கிடங்கில் 100 மூட்டை போடலாம். அதே பரப்பைப் பத்துச் சிறு அறைகளாகத் தடுத்துவிட்டால் ஒரு மூட்டைகூட நுழையாமல் போகலாம் அல்லவா? அதுபோல, சூடான ஆஸ்டினைட் நூற்றுக்கு 2 பங்குக்கு மேலும் கரியை விழுங்கும். ஆறிய ஃபெரைட்டோ அதிகபட்சமே 0.02 பங்கு அளவுதான் ஏற்கும்.

மெதுவாக ஆறவிட்டால், இடம் போதாத கரி வெளியே வந்து இரும்போடு சேர்ந்து மெல்லிய கெட்டித் தகடுகளாக ஒதுங்கும். மிருதுவான இரும்பு ஒரு படலம், கெட்டித் தகடு ஒரு படலம் என்று மாறி மாறி அமையும். பூதக்கண்ணாடியில் முத்துச் சிப்பியின் உட்புறம்போல மின்னுவதால் பேர்லைட் என்று பெயர் வைத்தார்கள். தண்டவாளம் இந்த ரகம்தான்.

திடீரென்று தண்ணீரில் தோய்த்துவிட்டால் கதை வேறு. வெளியேற நேரமில்லாமல் கரி அணுக்கள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பெட்டி அடுக்கு ஒரு பக்கமாக நீண்டு, இறுகி நிற்கும். மார்ட்டன்ஸ் என்ற ஜெர்மானியர் பெயரால் இதற்கு மார்ட்டன்சைட் என்று பெயர். கண்ணாடியைப் போலக் கெட்டி. கண்ணாடியைப் போலவே தட்டினால் உடையும். அதனால்தான் கொல்லர் தோய்த்து எடுத்த அரிவாளை அப்படியே விற்பதில்லை. மறுபடி இலேசாக அனலில் காட்டுவார். வாயில் வைக்கோல் நிறமும் நீல நிறமும் ஓடி வரும். 220 டிகிரிக்கும் 300 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு அது. மாட்டிக்கொண்ட கரியில் ஒரு பங்கு அப்போது வெளியே வந்து, கூர்மை நிலைக்க, உடையும் குணம் குறையும். அவர் கையில் சூட்டுமானி இல்லை. நிறத்தைப் பார்த்துச் செய்வது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளுக்கு நம் பக்கத்தில் மதிப்பு அதிகம் என்பதற்குக் காரணமும் கரிதான். அந்தப் பட்டையில் அரைப் பங்குக்குமேல் கரி உண்டு. கட்டுமானக் கம்பித் துண்டில் அடித்த அரிவாளில் அதில் பாதிகூட இராது. எவ்வளவு தோய்த்தாலும் கூர் நிற்காது. இரும்புக் கடை வைத்திருப்போர் அரிவாள், மண்வெட்டி, திராட்சைத் தோட்டத்துக் கத்தரி வாங்கும்போது, பளபளப்பைவிட இதைத்தான் கேட்டறிய வேண்டும்.

இந்த வித்தை தமிழ் நாட்டுக்கு நேற்று வந்ததல்ல. மூடிய மண் குகையில் இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து உருக்கிய எஃகு, ஈரோடு மாவட்டம் கொடுமணல் போன்ற இடங்களில் செய்யப்பட்டதற்கு அகழாய்வுச் சான்றுகள் உண்டு. வெள்ளைக்காரர்கள் 'ஊட்ஸ்' என்று பெயரிட்டு அதை லண்டனுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். மின்சார மேதை மைக்கேல் பாரடே அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட தொல்லியல் அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. அதற்கு முன் 2022-இல் மயிலாடும்பாறை இரும்பு கி.மு. 2172 என்று அறிவித்தபோது நம் வருசநாட்டு மயிலாடும்பாறை என்று பலர் பெருமைப்பட்டார்கள். அது கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை.

எடைக்கல்லும் கம்பியும்

கரி 2 பங்கைத் தாண்டி, 3, 4 பங்கு வரை போனால் அது வார்ப்பிரும்பு. இடம் கிடைக்காத கரி கறுப்புச் செதில்களாகவே உள்ளே நிற்கும். பழைய எடைக்கற்கள், தோசைக்கல், ரோட்டுச் சாக்கடை மூடி எல்லாம் இதுதான். அச்சில் ஊற்றச் சுலபம், விலை குறைவு. ஆனால் கீழே போட்டால் செதில் வழியாகப் பிளந்துகொள்ளும். எடைக்கல்லின் ஓரம் தெறித்தாலும், துரு அடுக்காகப் பெயர்ந்தாலும் எடை குறையும். அடியில் உள்ள ஈயத்தை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். முத்திரை ஆய்வாளர் எடையைச் சரிபார்த்து அந்த ஈயத்தில் முத்திரை அடிப்பார். எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் எடைக்கல் வைத்திருப்போர் 24 மாதத்துக்கு ஒரு முறையும், எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும் முத்திரை புதுப்பிக்க வேண்டும் என்பதை இங்கேயே நினைவூட்டிவிடுகிறோம்.

கட்டடக் கம்பி விற்போருக்கு ஒரு வார்த்தை. டி.எம்.டி. கம்பியில் மேலே சொன்ன இரண்டு ரகமும் ஒன்றாக இருக்கின்றன. ஆலையின் கடைசி உருளையிலிருந்து செந்தணலாக வரும் கம்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். வெளித்தோல் உடனே மார்ட்டன்சைட் ஆகிவிடும். உள்ளே மிச்சமிருக்கும் சூடு வெளியே பரவி அந்தத் தோலைப் பக்குவப்படுத்தும். நடுப்பகுதி மெதுவாக ஆறி மிருதுவாக நிற்கும். வெளியே பலம், உள்ளே வளையும் குணம். கம்பியை அறுத்து, முகத்தைத் தேய்த்து, அமிலம் தடவினால் ஓரத்தில் வட்டமாக ஒரு வளையம் தெரியும். வளையம் ஒரே சீராக இல்லாவிட்டால் தண்ணீர் சரியாகப் படவில்லை என்று பொருள். இந்தக் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் செய்த வேலை முழுதும் வீண்.

பொட்டிப்புரத்து 50,000 டன்

பெட்டி அடுக்கு இரும்பின் காந்தக் குணத்தை நம்பி நம் மாவட்டத்திலேயே ஒரு பெருந்திட்டம் தீட்டப்பட்டது என்பதை நாம் அறிவோம். பொட்டிப்புரம் அருகே மலையைக் குடைந்து அமைக்க இருந்த நியூட்ரினோ ஆய்வகம்தான் அது. அதைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் பேசாத டீக்கடை இல்லை. ஆனால் உள்ளே வைக்கத் திட்டமிட்ட கருவி என்ன என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

அது ஓர் இரும்பு அடுக்கு. 16 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலமுள்ள தளத்தில், 5.6 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, இடையில் 4 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சுமார் 150 வரிசை உயர்த்த வேண்டும். இப்படி மூன்று அடுக்குகள். மொத்த எடை 50,000 டன்னுக்கு மேல். மதுரை – போடி அகல ரயில்பாதை 90 கிலோமீட்டர். மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளம் என்று வைத்துக் கணக்கிட்டாலும், இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 10,800 டன்தான். அதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இரும்பு ஒரே குகைக்குள். பத்து டன் லாரியில் ஏற்றினால் 5,000 லோடு.

தகடுகளைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சி, முழு அடுக்கையும் ஒரே காந்தமாக்குவது திட்டம். நியூட்ரினோ என்ற துகள் எதிலும் சிக்காமல் பூமியையே துளைத்துப் போகக்கூடியது. எப்போதாவது ஒன்று இரும்பு அணுவில் மோதினால் மியூவான் என்ற வேறொரு துகள் கிளம்பும். காந்தத்துக்குள் அந்த மியூவான் ஒரு பக்கமாக வளைந்தால் வந்தது நியூட்ரினோ. எதிர்ப்பக்கம் வளைந்தால் எதிர்-நியூட்ரினோ. இப்படிப் பிரித்தறியவே காந்தம். மேலே ஒரு கிலோமீட்டர் பாறை தேவைப்பட்டது வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்களை வடிகட்டுவதற்காக. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் இவ்வகை நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டறிந்த வழியில் வந்த யோசனை இது.

இதற்கு எந்த இரும்பு வேண்டும்? கரி மிகக் குறைந்த, மிருதுவான இரும்பு. ஃபெரைட்டில் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். கூட்டம் கூட்டமாக ஒரே திசை நோக்கி நிற்கும். வெளியிலிருந்து காந்தம் காட்டினால் கூட்டங்கள் எல்லைகளை நகர்த்திக்கொண்டு ஒரே பக்கம் திரும்பும். கரியும் அழுக்கும் அந்த எல்லைகள் நகர முடியாமல் முட்டுக்கட்டை போடும். இதை நம் கடையிலேயே பார்க்கலாம். கம்பி ஆணியைக் காந்தத்தில் ஒட்டவைத்தால், ஆணியின் மறுமுனை குண்டூசியை இழுக்கும். காந்தத்தை எடுத்துவிட்டால் குண்டூசி விழுந்துவிடும். கரி மிகுந்து கெட்டிப்படுத்திய தையல் ஊசியைக் காந்தத்தில் தேய்த்தால் அது தானே காந்தமாகி நாள்கணக்கில் நிற்கும். மிருதுவான இரும்பு சுலபமாகக் காந்தமாகும், சுலபமாக விட்டுவிடும். கெட்டி எஃகு காந்தமாக அடம்பிடிக்கும், ஆனபின் விட மறுக்கும்.

திட்டத்தின் கதை எல்லோரும் அறிந்ததே. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியின்றிப் பணி தொடங்கக் கூடாது என்றது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது. 2022-இல் தமிழக அரசு, மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காட்டுக்கும் இடையே புலிகள் நடமாடும் பாதை இது என்று காட்டி, திட்டத்தை ஏற்க முடியாது என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை நமக்கு மழையைத் தருகிறது. மழை பெரியாற்றையும் முல்லையாற்றையும் நிரப்புகிறது. அதை வைத்துத்தான் இந்தப் பள்ளத்தாக்கில் வியாபாரமே நடக்கிறது. ஆகவே மக்கள் அஞ்சியதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் பொட்டிப்புரத்தில் அணுகுண்டு செய்யப்போகிறார்கள் என்று பரவிய பேச்சுக்கு அடிப்படை இல்லை. வைக்க இருந்தது இரும்பும், செம்பும், இடைவெளிகளில் செருகும் கண்ணாடிக் கருவிகளும்தான். அதன் சிறு மாதிரி ஒன்று, 85 டன் எடையில், மதுரை வடபழஞ்சி அருகே 2018 முதல் இயக்கப்பட்டது.

எவர்சில்வர் ரகசியம்

இப்போது பாத்திரத்துக்கு வருவோம்.

இரும்பில் 10.5 பங்குக்குமேல் குரோமியம் சேர்ந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகி, துருவைத் தடுக்கும். கீறினாலும் காற்றுப் பட்டுத் தானே மூடிக்கொள்ளும். 1913-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய எஃகு இந்த வழியில் வந்தது. குரோமியம் மட்டும் சேர்த்த எஃகில் பெட்டி அடுக்கு மாறுவதில்லை. ஆகவே காந்தம் ஒட்டும். 430 என்ற எண்ணுள்ள ரகம் இது. 16 முதல் 18 பங்கு குரோமியம்.

இத்தோடு 8 பங்கு நிக்கலும் சேர்த்தால் ஒரு மாற்றம் நடக்கிறது. 912 டிகிரிக்கு மேல் மட்டும் இருக்க வேண்டிய பழக்கடை அடுக்கு, ஆறிய பிறகும் மாறாமல் நின்றுவிடுகிறது. அந்த அடுக்கில் அணுக் காந்தங்கள் ஒரே பக்கம் திரும்பி நிற்பதில்லை. இரும்பைக் காந்தம் இழுக்கும், நிக்கலையும் இழுக்கும். இரண்டும் இப்படிச் சேர்ந்தால் இழுக்காது. 304 என்றும், 18/8 என்றும் சொல்லும் உயர்ந்த ரகம் இதுதான். இழுத்தும் அமுக்கியும் பாத்திரமாக்க இந்த அடுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். குடமும் தூக்குவாளியும் கிழியாமல் வருவது அதனால்.

இங்கேதான் வியாபாரத் தந்திரம் நுழைகிறது. நிக்கல் விலை அதிகம். அதன் வேலையில் ஒரு பகுதியை மாங்கனீசும் செய்யும், அது மலிவு. நிக்கலை ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து, மாங்கனீசைக் கூட்டி, கொஞ்சம் செம்பும் சேர்த்துச் செய்யும் 200 வரிசைச் சரக்கு சந்தையில் ஏராளம். ஜே-4 என்று மொத்த வியாபாரிகள் சொல்வது இந்த வகை. இதிலும் பழக்கடை அடுக்குத்தான். ஆகவே காந்தம் ஒட்டாது. ஆனால் துருவைத் தடுப்பது மாங்கனீசு அல்ல, குரோமியம். இந்த ரகங்களில் குரோமியம் 15 பங்கு அளவுக்கு இறங்கிவிடும்; சிலவற்றில் அதற்கும் கீழே. காந்தம் ஒட்டும் 430-ஐவிட ஒட்டாத மலிவுச் சரக்கு உப்புக்கும் புளிக்கும் சீக்கிரம் புள்ளி விழுவது இதனால்தான். காந்தத்தை நம்பி வாங்கியவர் நல்லதைத் தள்ளிவிட்டு மட்டத்தை எடுத்துப் போகிறார்.

நேர்மாறான தவறும் நடக்கிறது. அசல் 304 டம்ளரின் மடித்த விளிம்பிலும், அழுத்தி இழுத்த அடி மூலையிலும் காந்தம் இலேசாக இழுக்கும். குளிர்ந்த நிலையில் பலமாக வளைக்கும்போது அங்கங்கே பழக்கடை அடுக்கு சரிந்து மார்ட்டன்சைட் ஆகிவிடுவதே காரணம். இதைக் கலப்படம் என்று சண்டை போடும் வாடிக்கையாளருக்கு, வழவழப்பான நடுப்பகுதியில் காந்தத்தை வைத்துக் காட்டுங்கள். இண்டக்ஷன் அடுப்புக்கான பாத்திரத்தில் அடியில் மட்டும் காந்தம் ஒட்டுவது அவசியம். அடுப்பு வேலை செய்வதே அதனால்தான். அடியில் ஒட்டும் தகட்டைத் தனியாகப் பொருத்தியிருப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் கல்லாப்பெட்டியைத் திறந்து பாருங்கள். 1992 முதல் வந்த ஒரு ரூபாய் நாணயம் இரும்பும் 17 பங்கு குரோமியமும் சேர்ந்த பெட்டி அடுக்கு எஃகு. காந்தம் சட்டென்று கவ்வும். அரசாங்கம் அடித்த அந்த நாணயம் முப்பது ஆண்டு ஆயிரம் கை மாறியும், வியர்வை பட்டும், துருப்பிடிக்காமல் நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு ரூபாயும், பழைய கனமான ஐந்து ரூபாயும் செம்பு-நிக்கல், காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் மட்டம் என்போருக்கு இந்த நாணயத்தைவிட நல்ல பதில் கிடையாது.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

பழைய எவர்சில்வர் எடைக்கு எடுக்கும் பெரிய வியாபாரிகள் காந்தத்தோடு நிற்பதில்லை. சிறு பேட்டரியும் சொட்டு மருந்தும் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டு மின்சாரம் காட்டினால், மாங்கனீசு மிகுந்த 200 வரிசைச் சரக்கில் சொட்டு சில நொடியில் சிவக்கும். 304-இல் அப்படிச் சிவக்காது. மாதம் ஒரு லோடு சரக்கு எடுப்பவர் இந்த மருந்தை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். முதலில் காந்தம், அது ஒட்டாத சரக்குக்கு மட்டும் மருந்து என்று வைத்துக்கொண்டால் மூன்று ரகத்தையும் பிரித்துவிடலாம்.

மொத்த வியாபாரியிடம் "எஸ்.எஸ். பாத்திரம், இத்தனை கிலோ" என்று மட்டும் போட்ட பில்லை வாங்காதீர்கள். 304, 430, 200 வரிசை என்று ரகத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் இடத்தில் 304 விலை கொடுக்க வேண்டியதில்லை. 200 வரிசைச் சரக்கை விற்பது குற்றமல்ல. தண்ணீர்க் குடத்துக்கும் தட்டுக்கும் அது போதும், ஏழை வீட்டுச் சீருக்கு அந்த விலைதான் கட்டும். அதை 304 என்று சொல்லி விற்பதுதான் தவறு. எவர்சில்வர் பாத்திரங்களுக்கான ஐ.எஸ். 14756 தரத்தின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. சிறு உற்பத்தியாளர்களுக்கான அவகாசம் தனி என்பதால், சரக்கு எடுக்கும் இடத்தில் அவர்களுடைய உரிம எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மளிகைக்காரர்கள் செய்யும் ஒரு காரியம். கல் உப்பு மூட்டைக்கும் பிளீச்சிங் பவுடர் டப்பாவுக்கும் பக்கத்திலேயே எவர்சில்வர் சாமானை அடுக்குகிறார்கள். உப்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் உள்ள குளோரின் அந்த மெல்லிய படலத்தைத் துளைத்துவிடும். 304 கூடத் தாங்காது, சாரல் காலத்து ஈரத்தில் இன்னும் சீக்கிரம். பாத்திரத்தை எதிர்ச் சுவர் அலமாரிக்கு மாற்றுங்கள். உப்பு போட்டு வைக்க எவர்சில்வர் டப்பா கேட்டு வருவோருக்குக் கண்ணாடியோ பீங்கானோ எடுத்துக் கொடுங்கள். கம்பிச் சுருள் வைத்துத் தேய்த்த பாத்திரத்தில் மறுநாள் காணும் செம்புள்ளி, பெரும்பாலும் சுருளிலிருந்து உதிர்ந்த இரும்பின் துரு. புளித் தண்ணீர் தொட்டுத் தேய்த்து உடனே கழுவினால் போய்விடும். போகாமல் குழி விழுந்திருந்தால், பில்லில் எழுதிய ரகத்தைப் பார்த்துச் சரக்கு தந்தவரிடம் திருப்பி அனுப்பலாம்.